க்யூப்சாட் தொலைநோக்கி: நட்சத்திரம் புள்ளியாக நிற்காவிட்டால் எங்கே பார்ப்பது?

3யூ க்யூப்சாட் என்ற பெட்டி வடிவக் குட்டிச் செயற்கைக்கோளுக்குள் அடங்கும் சின்னத் தொலைநோக்கிகளைக் கையால் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 3யூ என்றால் 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், 30 செ.மீ.க்குச் சற்று மேல் நீளம். பேட்டரியும் ரேடியோவும் செயற்கைக்கோளைத் திருப்பும் சுழல் சக்கரங்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் இடம்தான் நம் குழலுக்கு. கீழே வரும் கணக்குகள் எல்லாம் என் மேசையில் அதிகம் புழங்கும் அளவுக்கானவை: 60 மி.மீ. பெரிய ஆடி, 19 மி.மீ. சின்ன ஆடி, இரண்டுக்கும் நடுவே 110 மி.மீ. இடைவெளி. பெரிய ஆடியின் குவியத்தூரம் 160 மி.மீ., சின்ன ஆடி அதை 3 மடங்காக்கி 480 மி.மீ. ஆக்குகிறது. அதாவது எஃப்/8: குவியத்தூரம் ஆடி விட்டத்தின் 8 மடங்கு. உங்கள் அளவு வேறாக இருந்தால் எண்கள் மாறும், தேடும் வரிசை மாறாது.

அந்த வரிசை இது: திருகு, பசை, வெப்பம், இடைவெளி, எல்லாவற்றுக்கும் கடைசியில் கண்ணாடி. படம் மங்கலாகத் தெரிந்ததும் ஆடியைக் கழற்றி மறுபடி பிட்ச் (மெருகேற்ற உதவும் தார் போன்ற பிசின்) மேல் வைத்துத் தேய்க்கக் கை பரபரக்கும். வேண்டாம். பூச்சை எடுத்துவிட்டு மூன்று வாரம் மறுபடி மெருகேற்றிய ஒரு ஆடியைச் செல்லில், அதாவது அதைத் தாங்கும் கூட்டில், உட்கார வைத்ததும், நட்சத்திரம் பழையபடி முக்கோணமாகவே தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அரைச் சுற்று கூடுதலாக முறுக்கிய ஒரு திருகுதான் காரணம். ஆடி முதலிலிருந்தே சரியாக இருந்தது.

## எதையும் தொடுவதற்கு முன்: எதைப் பார்த்துச் சோதிக்கிறீர்கள்?

பலரும் மொட்டை மாடியிலிருந்து தூரத்துக் கோபுரத்தையோ செல்போன் டவரையோ பார்த்து ஃபோகஸ் வைக்கிறார்கள். 1 கி.மீ. தூரம் இந்தத் தொலைநோக்கிக்கு முடிவிலி ஆகாது. குவியத்தூரத்தின் வர்க்கத்தைப் பொருளின் தூரத்தால் வகுத்துப் பாருங்கள்: 0.23 மி.மீ. வரும். எஃப்/8-இல் கூர்மை கெடாமல் சென்சார் முன்பின் நகர இருக்கும் இடமோ வெறும் 0.07 மி.மீ. கோபுரத்துக்குக் கச்சிதமாக வைத்த ஃபோகஸ், வானத்துக்குப் போனால் மங்கல்தான். தூரம் 3.5 கி.மீ.யைத் தாண்டினால் கணக்குச் சரியாகும், ஆனால் அவ்வளவு காற்று நடுவில் இருந்தால் படம் பகல் முழுக்க அலையும்.

சரி, துருவ நட்சத்திரம் நகராதே, அதைப் பார்க்கலாமா? சென்னையில் அது 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது, கன்னியாகுமரியில் 8. அடிவானத்துக் கலங்கல் முழுவதையும் தாண்டித்தான் அந்த ஒளி வந்து சேரும். உச்சியில் நிற்கும் நட்சத்திரத்தைப் பின்தொடர ஒரு மோட்டார் தாங்கி இருந்தால் அது நல்லது. இல்லையென்றால் குவியத்தில் ஊசித்துளை விளக்கு, குழலுக்கு எதிரே சமதள ஆடி, திரும்பி வரும் ஒளியைப் பார்ப்பது என்ற முறை. ஒளி குழலுக்குள் இரண்டு தடவை போய் வருவதால் பிழையும் இரட்டிப்பாகத் தெரியும், கண்டுபிடிக்க வசதி.

நல்ல சமதள ஆடி விலை அதிகம். அடி கறுப்பாக உள்ள அகலமான தட்டில் விளக்கெண்ணெயை ஊற்றி அசையாமல் விட்டால் அந்த மேற்பரப்பே சமதளம். குழலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு எண்ணெயைப் பார்க்க வைக்க வேண்டும். தட்டு குழலின் வாயைவிட இரண்டு மடங்காவது அகலமாக இருக்கட்டும், ஏனென்றால் ஓரத்தில் எண்ணெய் மேலேறி வளையும். அது திருப்பும் ஒளி 4 சதவீதம் அளவுதான் என்பதால் விளக்குப் பிரகாசமாக இருக்க வேண்டும். இதைச் சோதனைக் குழலுக்கு மட்டும் செய்யுங்கள். விண்ணுக்குப் போகும் குழலை எண்ணெய் இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது.

## அறிகுறி 1: நட்சத்திரம் முக்கோணமாகத் தெரிகிறது

அதிகம் வருவது இதுதான். ஃபோகஸுக்கு உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் நட்சத்திரம் வட்டமாக இல்லாமல் முக்கோணமாகவே தெரியும். ஆடியை எங்கோ மூன்று இடத்தில் ஏதோ பிடித்து இழுக்கிறது என்று பொருள்.

எவ்வளவு இழுத்தால் இப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். ஆடியின் மேற்பரப்பு 70 நானோமீட்டர் பிசகினாலே படம் கெடத் தொடங்கும். தலைமுடியின் தடிமனை ஆயிரமாக வகுத்தால் வரும் அளவு அது. கத்திமுனைச் சோதனையில் (ஆடி குவிக்கும் ஒளியைக் கத்தி விளிம்பால் வெட்டி, மேற்பரப்பின் மேடு பள்ளத்தை நிழலாகப் பார்ப்பது) ஆடியை வைத்து, முகத்தில் ஓர் ஓரமாகக் கட்டைவிரலை அரை நிமிடம் அழுத்தி எடுத்துப் பாருங்கள். பூச்சு இல்லாத ஆடியில் மட்டும் செய்யுங்கள். விரல் வைத்த இடத்தில் ஒரு மேடு எழும்பி நிற்கும், பிறகு மெல்லக் கரைந்து போகும். விரல் சூடே இப்படிச் செய்யும்போது திருகு என்ன செய்யாது?

முதலில் திருகுகள். ஆடியைப் பிடிக்கும் கிளிப் திருகுகளைக் கால் சுற்றுத் தளர்த்தி, பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். முக்கோணம் மறைந்தால் விடை கிடைத்துவிட்டது. கிளிப் ஆடியை அழுத்தக் கூடாது, தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். ஏவும்போது ஆடியைத் தாங்க வேண்டியது பசை, கிளிப் அல்ல.

மறையவில்லை என்றால் ஆடியைச் சுழற்றுங்கள். இன்னும் பசை போடாத குழலுக்குத்தான் இது. ஆடியின் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, செல்லுக்குள் 60 டிகிரி திருப்பி வையுங்கள். 120 திருப்பினால் ஏமாந்துவிடுவீர்கள்: மூன்று மூலையும் இடம் மாறி முக்கோணம் பழையபடியேதான் தெரியும்.

*முக்கோணம் அப்படியே நின்றால்* குற்றம் செல்லில். ஆடி உட்காரும் மூன்று மேடைகளில் பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். லேத்தில் கடைந்த அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நகத்துக்குத் தட்டுப்படும். மேடைகள் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் தட்டையான கண்ணாடிமேல் நுண் சிராய்த்தூள் போட்டு மூன்றையும் சேர்த்துத் தேய்த்துச் சமன் செய்யலாம்.

*ஆடியோடு சேர்ந்து தலைகீழானால்* குற்றம் ஆடியில், அல்லது ஆடியின் முதுகில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் எதிலாவது.

பசைப் பொட்டுகள். ஒட்டிய மறுநாள் நன்றாக இருந்து, ஒரு வாரத்தில் முக்கோணம் முளைத்தால் பசைதான். எபாக்ஸி இறுகும்போது சுருங்கும், சுருங்கும்போது கண்ணாடியை இழுக்கும். அறை வெப்பத்தில் முழுதாக இறுக ஒரு வாரம் பிடிக்கும் பசைகள் உண்டு, அதனால்தான் இந்தத் தாமதம். பொட்டு எவ்வளவு பெரிதோ அவ்வளவு இழுப்பு. 60 மி.மீ. ஆடிக்கு நாங்கள் 4 மி.மீ. விட்டத்துக்கு மேல் பொட்டு வைப்பதில்லை. தடிமன் மூன்றிலும் ஒன்றாக இருக்க, அடியில் ஒரே கம்பியிலிருந்து வெட்டிய துண்டுகளை வைத்து ஒட்டுகிறோம். ஒவ்வொரு கலவையிலும் ஒரு சொட்டை ஒரு தகட்டில் விட்டு, தேதி எழுதி வைத்துவிடுங்கள். கலவை விகிதம் தவறினால் அந்தச் சொட்டு நகத்துக்கு மெத்தென்று சொல்லிவிடும்.

பசையைப் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்ட முடியும், ஆனால் ஆடி விளிம்பில் சில்லு பெயரும் ஆபத்து உண்டு. சூடாக்கினால் எபாக்ஸி இளகும். கத்தியை நுழைத்து நெம்பாதீர்கள்.

நிபுணரிடம் போக வேண்டிய இடம்: பசை இல்லாமல், மூன்று புள்ளிமேல் சும்மா வைத்த ஆடியிலேயே முக்கோணம் தெரிந்தால். அப்போது ஆடியின் பிசகை நானோமீட்டர் கணக்கில் அளக்கும் இன்டர்ஃபெரோமீட்டர் வைத்திருப்பவரிடம் ஒரு நாள் கேட்டு வாங்குங்கள்.

## அறிகுறி 2: நட்சத்திரத்துக்கு வால் முளைத்திருக்கிறது

ஒரு பக்கம் மட்டும் நீளும் வால், ஃபோகஸின் இரு பக்கமும் திசை மாறாமல் நின்றால் கோமா. கோலிமேஷன், அதாவது இரண்டு ஆடிகளும் ஒரே அச்சில் நிற்பது, போய்விட்டது. நட்சத்திரத்தை நன்றாக மங்கலாக்கினால் வடை மாதிரி வட்டம் வரும். நடுத்துளை எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ அதைக் கொண்டு சின்ன ஆடியின் மூன்று திருகுகளில் ஒன்றை அரைக்கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்கள். எம்2 திருகின் மரை 0.4 மி.மீ., ஆகவே அரைக்கால் சுற்று 0.05 மி.மீ. இந்த வேலைக்கு அதுவே பெரிது.

சரி செய்ததும் மறுபடி கலைகிறதென்றால் திருகை விட்டுவிட்டு, சின்ன ஆடியைத் தாங்கும் தகடுகளைப் பாருங்கள். ஒரு தகடு தளர்ந்திருந்தால் எத்தனை முறை சரி செய்தாலும் நிற்காது.

## அறிகுறி 3: புள்ளி நீள்வட்டமாகிறது, ஃபோகஸைத் தாண்டினால் குறுக்கே திரும்புகிறது

இது அஸ்டிக்மாடிசம். படத்தின் ஓரத்தில் மட்டும் வந்தால் சென்சார் சாய்ந்திருக்கலாம்: சென்சார் பலகையின் நான்கு திருகுகளுக்கு அடியிலுள்ள வாஷர்களை மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள், பெரும்பாலும் முடிந்துவிடும்.

நடுவிலேயே வந்தால், மறுபடி அதே கதை: பக்கவாட்டில் ஏதாவது நெருக்குகிறதா, செல் துளை ஆடிக்கு மிக இறுக்கமா? ஆடிக்கும் செல்லுக்கும் நடுவே சுற்றிலும் மெல்லிய காகிதத் துண்டு தடையில்லாமல் போய்வர வேண்டும்.

அதுவும் இல்லையென்றால்தான் கண்ணாடி. கையால் செய்யும் சின்ன ஆடியில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. பிடிக்க வசதியாக ஆடியின் முதுகை ஒரு கட்டையில் பிட்ச் வைத்து ஒட்டித் தேய்ப்போம். ஒட்டும்போதே கண்ணாடி இலேசாக வளைந்திருக்கும். அந்த நிலையில் அழகாக மெருகேறும். கட்டையை விட்டு எடுத்ததும் நிமிர்ந்துகொள்ளும், மெருகு கோணிவிடும். கட்டையில் இருக்கும்போது ஒரு முறையும், எடுத்து ஒரு ராத்திரி விட்டு மறுமுறையும் கத்திமுனைச் சோதனை செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

கண்ணாடியைத் தொடுவது என்று முடிவெடுப்பதற்கு முன் இரண்டு வெவ்வேறு சோதனைகள் ஒரே விடையைச் சொல்ல வேண்டும். ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி ஒற்றைச் சோதனைக் கருவியை நம்பி மெருகேற்றப்பட்டது. அந்தக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி இருந்தது. ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் தட்டையாகிப் போனது. வேறொரு சோதனை தவறைக் காட்டியும் அதை ஒதுக்கிவிட்டார்கள். 1990-இல் மேலே போனதைச் சரி செய்ய 1993-இல் விண்வெளி வீரர்கள் போக வேண்டியிருந்தது. நம் க்யூப்சாட்டைத் தேடி யாரும் போகப் போவதில்லை.

## அறிகுறி 4: காலையில் கூர்மை, மத்தியானம் மங்கல்

வெப்பம். சந்தேகமே வேண்டாம். கண்ணாடி ஆடியும் அலுமினியக் குழலும் சேர்ந்த வடிவமைப்பில் இது வந்தே தீரும். 110 மி.மீ. அலுமினியம் 10 டிகிரி சூடானால் 26 மைக்ரான் நீளும். சின்ன ஆடி 3 மடங்கு பெருக்குவதால், அது ஒரு மைக்ரான் நகர்ந்தால் ஃபோகஸ் 10 மைக்ரான் நகரும். ஆக 260 மைக்ரான். நமக்கு இருக்கும் இடம் 70. மூன்று டிகிரிகூடத் தாங்காது.

பார்க்க வேண்டியது: குழலில் மூன்று இடத்தில் வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டர் ஒட்டி, வெப்பத்தையும் ஃபோகஸ் இடத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுதி வரைபடம் போடுங்கள். நேர்கோடு வந்தால் நல்ல செய்தி, சரி செய்யும் வழி கணக்கில் இருக்கிறது. ஏறும்போது ஒரு பாதை, இறங்கும்போது வேறு பாதை என்று வந்தால் எங்கோ ஒரு இணைப்பு வழுக்குகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சரி செய்யும் வழிகள், விலை குறைந்ததிலிருந்து: குழலுக்குச் சின்ன ஹீட்டர் சுற்றி ஒரே வெப்பத்தில் வைப்பது. அடுத்து, இடைவெளியைத் தாங்க, சூட்டில் அதிகம் விரியாத இன்வார் உலோகத்தில் மூன்று கம்பிகள்: அதே 10 டிகிரிக்கு 2 மைக்ரானுக்குள் அடங்கும். ஆனால் இன்வார் கனம், கடைசலில் மொக்கையாகும் உளிக்கும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வழி, ஆடியையும் அலுமினியத்திலேயே செய்வது. எல்லாம் சேர்ந்து ஒரே அளவில் விரிவதால் ஃபோகஸ் நிற்கும். ஆனால் அது வைர முனைக் கடைசல், கையால் ஆகாது, நிபுணர் வேலை.

ஹீட்டரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 55 கான்கிரி ஈ கோள் தன் நட்சத்திரத்தைக் கடப்பதைப் பதிவு செய்த ஆஸ்டீரியா ஒரு 6யூ க்யூப்சாட். அதன் சென்சாரை 0.01 டிகிரி அளவுக்கு நிலையாக வைத்திருந்தார்கள்.

## அறிகுறி 5: மேசையில் சரி, வெற்றிட அறையில் மங்கல்

எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.

*காற்றை இழுக்க இழுக்கவே மங்கினால்:* குழலில் லென்ஸ் இருக்கிறதா? காற்று போனதும் கண்ணாடியின் ஒளிவிலகல் கொஞ்சம் கூடும். 100 மி.மீ. குவியத்தூரமுள்ள சாதாரணக் கண்ணாடி லென்ஸ் சுமார் 0.08 மி.மீ. குறுகும். அது பிழை அல்ல, முன்பே கணக்கில் சேர்த்திருக்க வேண்டிய எண். ஆடிகள் மட்டும் உள்ள குழலுக்கு இந்தத் தொல்லை இல்லை, அப்போது அறையின் ஜன்னலைச் சந்தேகியுங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள ஜன்னலை வெளிக்காற்று 80 கிலோ பாரத்தோடு அழுத்துகிறது. மெல்லிய கண்ணாடி என்றால் வளையும்.

*சில மணி நேரத்தில் என்றால்:* வெப்பம். அறிகுறி 4-க்குப் போங்கள்.

*நாள் கணக்கில் மெல்ல நகர்ந்தால்:* ஈரம். கார்பன் இழைக் குழலும் எபாக்ஸியும் காற்றின் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், வெற்றிடத்தில் அதை விட்டுச் சுருங்கும். கடலோர ஊரில் செய்த குழல் என்றால் இன்னும் அதிகம். குழலை முன்கூட்டியே உலர்த்தி, உலர்ந்த நைட்ரஜன் நிரப்பிய பெட்டியில் வைத்து, அந்த நிலையில் ஃபோகஸைப் பூட்டுங்கள்.

## அறிகுறி 6: அதிர்வு மேசையிலிருந்து இறக்கியதும் எல்லாம் நகர்ந்திருக்கிறது

அதிர்வுச் சோதனைக்கு முன்னும் பின்னும் மெல்லிய அதிர்வில் ஒரு ஓட்டம் ஓட்டி, இயல்பு அதிர்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் ஏதோ கழன்றிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். திருகுத் தலையிலிருந்து உடம்புவரை முன்பே பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தால், எது சுழன்றது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். எல்லாத் திருகையும் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். தலைக்கு ஓரமாக ஒரு சொட்டு எபாக்ஸி.

திருகு எதுவும் அசையவில்லை, ஆனால் நட்சத்திரம் நகர்ந்திருக்கிறது என்றால் பசைப் பொட்டு விட்டிருக்கலாம். குழலைக் காதோரம் வைத்து விரலால் மெல்லத் தட்டிக் கேளுங்கள். கிண் என்று ஒரே ஓசை வர வேண்டும். கிரக் என்ற சின்னச் சத்தம் வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்: அந்த ஆடியை மறுபடி மேசையில் ஏற்றக் கூடாது.

## அறிகுறி 7: படம் முழுக்க வெளிறிக் கிடக்கிறது

சென்சாரைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்தில் கண்ணை வைத்துக் குழலுக்குள் பாருங்கள். சின்ன ஆடியின் ஓரத்தைத் தாண்டி வெளிச்சம் நேராகக் கண்ணில் பட்டால் ஒளித்தடுப்புக் குழாய் குட்டையாக இருக்கிறது. நீட்டிச் செய்யுங்கள், அவ்வளவுதான்.

நேர் வெளிச்சம் இல்லை, இருந்தும் வெளிறல் என்றால் குழலின் உள்சுவர். இங்கே பலரும் விழும் ஒரு குழி இருக்கிறது. அலுமினியத்துக்குக் கொடுக்கும், சாயம் ஏற்றிய கறுப்பு அனோடைஸ் பூச்சு நம் கண்ணுக்குத்தான் கறுப்பு, அண்மை அகச்சிவப்பில் பளபளக்கும். சென்சாருக்கு அது தெரியும். இரவுப் பார்வை உள்ள சிசிடிவி கேமராவை இருட்டறையில் குழலுக்குள் காட்டிப் பாருங்கள். சுவர் வெள்ளையாகத் தெரிந்தால் கரி கலந்த, விண்வெளிக்குத் தேறிய கறுப்புப் பெயின்ட் வேண்டும். வெல்வெட் தாள் ஒட்டாதீர்கள், இழை உதிரும்.

## அறிகுறி 8: ஆடியில் மூடுபனி மாதிரி ஒரு படலம்

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். துடைக்காதீர்கள். முதலில் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்: சாதாரண பிவிசி வயர், கேபிள் டை, டேப்பின் கோந்து, புளித்த காடி வாசம் அடிக்கும் கடைச் சிலிக்கோன். சந்தேகமான பொருளையும் ஒரு சுத்தமான கண்ணாடிச் சில்லையும் மூடிய எவர்சில்வர் டப்பாவில் வைத்து, 60 டிகிரியில் ஒரு ராத்திரி சூடாக்குங்கள். சில்லை மட்டும் குளிர்ந்த பக்கம் வையுங்கள். மறுநாள் சில்லில் மங்கல் இருந்தால் அந்தப் பொருள் குழலுக்கு ஆகாது. வாங்கும்போதே கேட்க வேண்டிய எண்: வெற்றிடச் சூட்டில் மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள், படியும் ஆவி 0.1 சதவீதத்துக்குள்.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. ஐரோப்பாவின் யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கியின் ஆடியில் பனி படிந்தபோது, 2024 மார்ச்சில் ஒரு ஆடியை மட்டும் இருந்ததைவிட 34 டிகிரி சூடேற்றி ஒளியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உங்கள் ஹீட்டர் இதற்கும் உதவும் என்பதை வடிவமைக்கும்போதே நினைவில் வையுங்கள்.

## அறிகுறி 9: படத்தில் வெள்ளைப் புள்ளிகள், அல்லது ஒரே திசையில் இழுவை

இரண்டும் தொலைநோக்கியின் குற்றம் அல்ல. புள்ளிகள் சென்சாரின் சூட்டாலும் கதிர்வீச்சாலும் வருபவை. ஒளி படாமலே சென்சாரில் ஓடும் இருள் மின்னோட்டம் ஏறக்குறைய 6, 7 டிகிரிக்கு ஒரு முறை இரட்டிப்பாகும், சென்சாரைக் குளிர வையுங்கள். 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி20-இல் போன, நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளக்கும் பிரைட் செயற்கைக்கோள்களுக்கு 30 மி.மீ. லென்ஸ்தான். கதிர்வீச்சில் சென்சார் கெடக் கெட, நட்சத்திரத்தைப் படத்தில் இரண்டு இடத்துக்கு மாற்றி மாற்றி வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சமாளித்தார்கள்.

தரையைப் படம் எடுக்கும்போது வரும் இழுவைக்குக் கணக்கு எளிது. 500 கி.மீ. உயரத்தில் தரை நொடிக்கு 7 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. 3.45 மைக்ரான் பிக்சலுக்கு நம் குழலில் தரை அளவு 3.6 மீட்டர். அரை மில்லிநொடிக்கு மேல் ஷட்டர் திறந்திருந்தால் இழுக்கும். எல்லாப் படத்திலும் ஒரே திசை என்றால் இதுதான். படத்துக்குப் படம் திசை மாறினால் சுழல் சக்கர அதிர்வு, அதைச் செய்தவரிடம் பேசுங்கள்.

## பூச்சுக்கு அனுப்பும்போது

அலுமினியப் பூச்சு வெற்றிட அறையில் செய்வது, வீட்டு வேலை அல்ல. ஆடியோடு ஒரு தாளும் போகட்டும். கண்ணாடி வகை, விட்டம், எந்தப் பக்கம் முகம், முதுகில் பசை இருக்கிறதா, அந்தப் பசை எத்தனை டிகிரி தாங்கும், மேலே பாதுகாப்புப் பூச்சு வேண்டுமா என்று எழுதுங்கள். பசை ஒட்டிய ஆடியைச் சொல்லாமல் அனுப்பினால் அவர்கள் அறை முழுக்க அழுக்காகும். அதே பூச்சு ஓட்டத்தில் ஒரு கண்ணாடிச் சில்லையும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் செலோடேப் ஒட்டி இழுத்துப் பார்ப்பது அந்தச் சில்லில், ஆடியில் அல்ல.